வாக்ரியிலிருந்து பண்டரிபுரம் வரை

மும்பையிலோ புணேயிலோ சில ஆண்டுகளேனும் குடியிருந்த நம்மவர்கள் அந்தக் காட்சியைக் காணாமல் இருந்திருக்க முடியாது. முதல் மழை பெய்து மண் குளிர்ந்த ஆனி மாதத்து நாட்களில், வெள்ளை வேட்டியும் வெள்ளைக் குல்லாயும் அணிந்த ஆடவரும், தலையில் துளசி மாடம் சுமந்த பெண்டிரும், கையில் தாளமும் தோளில் காவிக் கொடியுமாகப் பாட்டுப் பாடிக்கொண்டு சாலையை நிறைத்துச் செல்வார்கள். ஊர்திகள் நின்றுவிடும். அலுவலகத்திற்கு நேரமாயிற்றே என்று நாம் முணுமுணுப்போம். மறுகணம் நம்மையும் அறியாமல் கைகுவிப்போம். பண்டரிபுரத்துப் பாண்டுரங்கனைக் காணச் செல்லும் ‘வாரி’ என்னும் நடைப்பயணம் அதுவே.

நானும் முப்பத்தைந்து ஆண்டுகள் அதனைச் சாலையோரத்தில் நின்று பார்த்தவன்தான். 2024ஆம் ஆண்டில், பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின்னர், சாலைக்குள்ளே இறங்கி நடக்கும் பேறு கிட்டியது. ஆளந்தியிலிருந்து ஜூன் 29ஆம் நாள் புறப்பட்டு, ஜூலை 16ஆம் நாள் பண்டரிபுரம் சேர்ந்தோம். பதினெட்டு நாட்கள், ஏறத்தாழ 250 கிலோமீட்டர்.

திரும்பி வந்த பின் நம் சங்கத்து நண்பர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “எந்த நாள் மிகக் கடினமாக இருந்தது?” திவே கணவாய் ஏறிய நாள் என்று விடை வரும் என அவர்கள் எதிர்பார்த்தார்கள். கடைசி நாள்தான் என்றேன். நண்பர்கள் நகைத்தார்கள். ஏனெனில் கடைசி நாள் நடை வாக்ரி என்னும் சிற்றூரிலிருந்து பண்டரிபுரம் வரைதான். பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. ஏற்றம் இல்லை, இறக்கம் இல்லை. பயணம் முழுவதிலும் அதைப்போல் எளிய நாள் வேறில்லை. அப்படியிருக்க நான் அவ்வாறு சொன்னது ஏன் என்பதைக் கூறவே இக்கட்டுரை.

வாரியும் வார்கரியும்

‘வாரி’ என்றால் மராத்தியில் தவறாமல் சென்று வருதல் என்று பொருள். அவ்வாறு செல்பவர் ‘வார்கரி’. நம் தமிழில் வாரி என்பது கடலையும் வெள்ளத்தையும் குறிக்கும். அந்தக் கூட்டத்தைக் கண்டவர்கள் தமிழ்ப் பொருளும் பொருந்துவதே என்பார்கள். ஆஷாட மாதத்து வளர்பிறை ஏகாதசியன்று பண்டரிபுரத்தில் இருக்க வேண்டும் என்பது விரதம். நம் ஊரில் ஐயப்பனுக்கு மாலை அணிபவர்கள் மலைக்குப் போய் வந்ததும் அதைக் கழற்றிவிடுகிறார்கள். வார்கரியோ துளசி மாலையை ஒருமுறை அணிந்தால் வாழ்நாள் முழுவதும் கழற்றுவதில்லை. புலாலும் மதுவும் அன்றோடு ஒழிந்தன.

ஞானேசுவரர் 1290இல் பகவத் கீதைக்கு மராத்தியில் உரை கண்டவர். 1296இல் ஆளந்தியில் சமாதி அடைந்தவர். அவருடைய பாதுகைகளைப் பல்லக்கில் வைத்து ஆளந்தியிலிருந்து எடுத்துச் செல்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டினரான துக்காராமின் பாதுகைகள் தேஹுவிலிருந்து புறப்படுகின்றன. துக்காராமின் மகன் நாராயண மகராஜ் 1685இல் இப்பல்லக்கு மரபைத் தொடங்கினார் என்பர். ஞானேசுவரரின் பல்லக்கைத் தனியே பிரித்து, இன்றுள்ள படைபோன்ற ஒழுங்கை அதற்கு அளித்தவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வாழ்ந்த ஹைபத்ராவ் பாபா என்பவர். இந்நாளில் மகாராட்டிரத்தின் பல மூலைகளிலிருந்தும் சிறிதும் பெரிதுமான பல்லக்குகள் வருகின்றன. பைட்டணிலிருந்து ஏகநாதர், திரியம்பகத்திலிருந்து நிவிருத்திநாதர், சாஸ்வடிலிருந்து சோபானதேவர், முக்தாயிநகரிலிருந்து முக்தாபாய் என்று ஞானிகள் அனைவரும் ஏகாதசிக்குப் பண்டரியில் கூடுவதாக ஐதிகம்.

பல்லக்கிற்கு முன்னும் பின்னும் ‘திண்டி’ எனப்படும் குழுக்கள் எண் வரிசையில் நடக்கின்றன. ஒவ்வொரு திண்டிக்கும் வீணை ஏந்தும் ஒருவர் தலைவர், பக்கவாத்தியம் வாசிக்க ஒருவர், தாளமிடுவோர் பலர். கூடாரங்களும் அடுப்பும் மாவு மூட்டைகளும் ஒரு லாரியில் முன்னே சென்றுவிடும். நாம் நடந்து போய்ச் சேர்வதற்குள் கூடாரம் எழுந்து நிற்கும். சோளரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் கொதிக்கக் கொதிக்கக் கிடைக்கும்.

என்னை அழைத்தவர்

எங்கள் முலுண்ட் வீட்டுக்கு அடுத்த வீட்டில் எழுபத்தொரு வயது மராத்திய மூதாட்டி ஒருவர் இருக்கிறார். எங்கள் குடியிருப்பு முழுவதற்கும் அவர் ‘ஆஜி’, அதாவது பாட்டி. என் பிள்ளைகள் அவர் மடியில் மராத்தி கற்றார்கள். அவர் என் மனைவியிடம் இட்லிமாவின் பக்குவத்தைக் கற்றார். அவருக்கு அது இருபத்தாறாவது வாரி. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கொள்ளைநோயின் காரணமாக நடைப்பயணம் நின்றது. பாதுகைகளை மட்டும் அரசுப் பேருந்தில் கொண்டு சென்றார்கள். அவ்விரண்டு ஆண்டுகளையும் ஆஜி தம் கணக்கில் சேர்த்துக் கொண்டிருக்கிறார். “நான் பண்டரிக்குப் போகவில்லை, ஆனால் நடந்தேன்” என்பது அவர் வாதம். பதினெட்டு நாட்களும் துளசித் தொட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடியைச் சுற்றி வந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

முழங்கால் வலி மிகுந்துவிட்டபடியால் அந்த ஆண்டு அவரைத் தனியே அனுப்ப அவருடைய மக்களுக்கு மனமில்லை. உடன் செல்ல அவர்களுக்கு விடுமுறையும் இல்லை. “ஓய்வு பெற்றவர் ஒருவர் அடுத்த வீட்டில் இருக்கிறாரே” என்றார் ஆஜி. அவ்வளவுதான், நான் திண்டியில் சேர்ந்துவிட்டேன்.

பதினேழு நாட்கள்

அந்நாட்களை விரித்தால் இதழின் பக்கங்கள் போதா. புணேயை விட்டுச் சாஸ்வட் செல்லும் நாளில் 30 கிலோமீட்டருக்கு மேல் நடக்கவேண்டும். அதில் திவே கணவாயின் செங்குத்தான ஏற்றமும் அடங்கும். வெள்ளித் தேரை இழுக்கும் காளைகளுக்குத் துணையாக அங்கே இன்னும் பல இணைக் காளைகளைப் பூட்டுகிறார்கள். ஜேஜுரியில் கண்டோபாவின் மஞ்சள்பொடி மழையாகப் பொழிகிறது. நீரா ஆற்றில் பாதுகைகளுக்கு நீராட்டு நடைபெறுகிறது. லோணந்த், பல்டண், நாதேபுதே, மாள்சிரஸ், வேளாபூர் என்று ஊர்ப்பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காலடியில் கழிந்தன. இடையிடையே ‘ரிங்கண்’ உண்டு. திறந்த வெளியில் வார்கரிகள் வட்டமிட்டு நிற்க, நடுவே இரண்டு குதிரைகள் பாய்ந்தோடும். ஒன்றின்மேல் கொடி தாங்கிய வீரன். மற்றொன்றின் முதுகு வெறுமை. அதில் ஞானேசுவரரே அமர்ந்து வருவதாக நம்பிக்கை. குதிரை ஓடிய தடத்து மண்ணை எடுத்து நெற்றியில் பூசிக்கொள்ள முதியவர்களும் பாய்ந்தோடுவதைக் கண்டேன்.

மூன்றாம் நாளே என் பாதத்தில் கொப்புளங்கள் எழுந்தன. சாலையோரத்தில் பெயர் தெரியாத இளைஞன் ஒருவன் என் காலைத் தன் மடிமேல் வைத்து மருந்திட்டான். கூலியின்றிச் செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், தேநீர் தருபவர் என வழிநெடுக எத்தனையோ பேர். வாரியில் எவரும் எவரையும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘மாவுலி’ என்பதுதான் எல்லோருக்கும் பெயர். தாய் என்பது அதன் பொருள். வழிவிடச் சொல்லும் போலீஸ்காரரும் “மாவுலி, நகருங்கள்” என்றுதான் சொல்கிறார். ஒருவர் காலில் ஒருவர் விழுகிறார்கள், வயதைப் பார்ப்பதில்லை.

சாதியும் அறவே மறைந்துவிடுகிறது என்று எழுத ஆசைதான்; ஆனால் வரலாறு அவ்வாறு எளிதாக முடியவில்லை. மானிடவியல் அறிஞர் இராவதி கார்வே அம்மையார் இந்த வழியில் நடந்து எழுதிய கட்டுரையில், ஒரே பாட்டைப் பாடி நடந்தவர்கள் உணவு வேளையில் சாதிவாரியாகப் பிரிந்து அமர்ந்ததைக் கண்டு நொந்திருக்கிறார். அதன் ஆங்கில வடிவம் 1962இல் வெளிவந்தது. எங்கள் திண்டியில் எல்லோரும் ஒரே பந்தியில் உண்டோம். அந்த அளவிற்கேனும் காலம் நடந்திருக்கிறது.

எளிய நாளின் காலைப்பொழுது

ஜூலை 15ஆம் நாள் மாலை வாக்ரி சேர்ந்தோம். ஞானேசுவரரின் பல்லக்கும் துக்காராமின் பல்லக்கும் மற்றப் பல்லக்குகளும் அங்கேதான் ஒன்று கூடுகின்றன. கண்ணுக்கெட்டிய தூரம்வரை கூடாரங்கள். பண்டரிபுரத்தின் விளக்கொளி அடிவானத்தில் தெரிவதாக ஒருவர் சொல்ல, உறங்கச் சென்றவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

மற்ற நாட்களில் விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து, இருட்டில் குளித்து, ஐந்து மணிக்குள் சாலையில் இருப்போம். தசமியன்று எங்கள் திண்டி நண்பகலுக்குப் பின்னரே புறப்படும் என்றார்கள். பதினெட்டு நாட்களில் முதன்முறையாகச் சூரியன் உதித்த பின் எழுந்தேன். துணி துவைத்துக் கூடாரக் கயிற்றில் உலர்த்தினேன். உள்ளங்காலுக்கு எண்ணெய் தடவினேன். முகம் மழித்துக் கொண்டேன். இத்தனையும் செய்த பின்னும் மணி ஒன்பதுதான். செய்வதற்கு வேலை ஒன்றுமில்லை.

நெடும்பயணத்தில் கடினமான நாட்கள் ஒருவகையில் நமக்குக் காவல் என்பதை அப்போது உணர்ந்தேன். ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது அடுத்த அடியைத் தவிர வேறு நினைவு எழுவதில்லை. வழி குறைந்து பொழுது மிகுந்த நாளில்தான், பின்னால் விட்டுவந்தோம் என்று எண்ணியவை எல்லாம் வந்து பக்கத்தில் அமர்ந்துகொள்கின்றன.

ஆஜி கூடார வாயிலில் அமர்ந்து, ஏகாதசி விரதத்திற்காக வேர்க்கடலையை உடைத்துக் கொண்டிருந்தார். நானும் அருகில் அமர்ந்து உடைக்கத் தொடங்கினேன்.

“பாளா, ஊரில் உன் தாயார் தனியாக இருக்கிறாள் என்று சொன்னாயே, கடைசியாக எப்போது போய் வந்தாய்?” என்று கேட்டார். பாளா என்றால் குழந்தாய் என்று பொருள். அவருக்கு என் அறுபது வயதும் குழந்தைப் பருவமே.

“சென்ற ஆண்டு பொங்கலுக்கு, ஆஜி.”

“எத்தனை நாள் இருந்தாய்?”

“நான்கு நாள்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடலைத் தோலை ஊதிப் பறக்கவிட்டார். சிறிது நேரம் கழித்து, “இங்கே வந்து பதினெட்டு நாள் ஆயிற்று” என்றார். குற்றம் சாட்டும் குரல் அல்ல. திண்டிக் கணக்கை எண்ணுபவர் போலத்தான் சொன்னார்.

என்னிடம் விடைகள் இல்லாமல் இல்லை. அம்மா மும்பைக்கு வர மறுக்கிறாள். மாடி வீட்டில் அடைந்து கிடக்க முடியாது என்கிறாள். தீபாவளி, பொங்கல் என்றால் ரயிலில் இடம் கிடைப்பதில்லை. பேரனுக்குத் தேர்வு, பின்னர் மனைவிக்கு உடல்நலமில்லை, பின்னர் மழை. மாதந்தோறும் பணம் அனுப்புகிறேன். நாள்தோறும் தொலைபேசியில் பேசுகிறேன். இவற்றையெல்லாம் ஆஜியிடம் சொன்னேன். சொல்லச் சொல்ல, ஒவ்வொன்றும் உண்மையாகவும் ஒன்றும் போதாததாகவும் இருந்தது. இதனைப் படிக்கும் அன்பர்களில் பலர் இதே விடைகளைத் தம் வீட்டிலும் வைத்திருப்பார்கள். ஊரை விட்டு வந்தவர்களாகிய நமக்கு இது புதிய செய்தி அன்று.

செங்கல்லின்மேல் நிற்பவன்

பத்து மணி அளவில் எங்கள் திண்டியின் வீணைக்காரர் சிறு சொற்பொழிவு நிகழ்த்தினார். பண்டரிபுரம் புகும் நாளில் புண்டலீகன் கதையைத் தவிர வேறு எதைச் சொல்வார்!

புண்டலீகன் முதலில் தாய் தந்தையரைப் புறக்கணித்தவன். காசிக்குச் செல்லும் வழியில், பெற்றோரைப் பேணும் முனிவர் ஒருவரின் ஆசிரமத்தில் தங்கினான். கங்கையும் யமுனையும் சரசுவதியும் பெண்வடிவில் வந்து, அம்முனிவரின் இல்லத்தைப் பெருக்கித் தம் அழுக்கு நீங்கிச் செல்வதைக் கண்டு திருந்தினான். காசிப் பயணத்தை அங்கேயே முடித்து, வீடு திரும்பிப் பெற்றோருக்குப் பணிவிடை செய்யலானான். அவன் பக்தியைக் கண்டு திருமாலே வாயிலில் வந்து நின்றார். தந்தையின் காலைப் பிடித்திருந்த புண்டலீகன் எழுந்திருக்கவில்லை. கையருகே கிடந்த செங்கல்லை வாயிற்புறம் எறிந்து, “இதன்மேல் நில்லும், பணி முடிந்ததும் வருகிறேன்” என்றான். இடுப்பில் கைகளை ஊன்றி, இருபத்தெட்டு யுகங்களாக அவர் அப்படியே நிற்கிறாராம்.

இக்கதை நம் தமிழருக்கும் புதியதன்று. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தஞ்சையில் மராத்தியர் ஆட்சி ஏற்பட்ட பின், காவிரிக்கரைப் பஜனை மடங்களில் அபங்கம் பாடும் வழக்கம் வேரூன்றியது. எம்.கே. தியாகராஜ பாகவதர் நடித்து 1944இல் வெளிவந்து, சென்னையில் மூன்று தீபாவளிகளைக் கண்ட ‘ஹரிதாஸ்’ படமும் பெற்றோரை மறந்து பின்னர் திருந்திய மகனின் கதையே. கும்பகோணத்துக்கு அருகே எங்கள் சிற்றூரில், டூரிங் கொட்டகையில் அப்படத்தைப் பார்த்த என் அம்மா, சோறு ஊட்டும்போதெல்லாம் எனக்கு அக்கதையைச் சொல்வாள். செங்கல்லை எறியும் இடம் வரும்போது ஒரு கவளத்தை உருட்டி, எறிவதுபோல் கையை ஓங்கி, என் வாயில் போடுவாள்.

நூறுமுறை கேட்ட கதைதான். ஆனால் வாக்ரியில் கேட்டபோது தலை நிமிர்ந்து வீணைக்காரரைப் பார்க்க இயலவில்லை. இறைவனையே வாயிலில் காக்க வைத்துவிட்டுத் தந்தையின் காலைப் பிடித்தவனால் புகழ்பெற்றது அந்த ஊர். அங்கே போவதற்காகப் பதினெட்டு நாட்களை ஒதுக்கிய நான், தாய்க்கு ஒதுக்கியவை நான்கு.

நடை

நண்பகல் கழிந்ததும் கொம்பு ஊதினார்கள். திண்டி எழுந்தது. நாம்தேவரின் பல்லக்கு பண்டரிபுரத்திலிருந்து எதிர்கொண்டு வந்து ஞானிகளை வரவேற்பது இங்குள்ள மரபு. நாம்தேவர் பண்டரியின் சொந்தப் பிள்ளை. அவருடைய பாடல்கள் சீக்கியரின் திருநூலிலும் இடம்பெற்றுள்ளன. விருந்தினரை ஊர் எல்லைவரை வந்து அழைத்துச் செல்வதென்பது நம் கிராமங்களில் சம்பந்திகளை எதிர்கொள்வது போன்றது. பார்க்கப் பார்க்க நெஞ்சு நிறையும்.

சாலை அகன்றது. பல்லக்குகள் செல்லும் வழியை நான்குவழிச் சாலையாக்க 2021 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். ஆயினும் அன்றைய கூட்டத்திற்கு அதுவும் ஒற்றையடிப் பாதைதான். பத்து அடி நடப்போம், நின்றுவிடுவோம். நிற்கும்போது ஆட்டம்; பின்னர் மீண்டும் பத்து அடி. மற்ற நாட்களில் அவசரமாக நடந்தவர்கள்கூட அன்று விரையவில்லை. ஊர் அருகில் வர வர அவர்கள் கால் தளர்ந்தது, களைப்பினால் அல்ல. இன்னும் சிறிது நேரத்தில் இந்த நடை முடிந்துவிடும், நாளை மறுநாள் அவரவர் வயலுக்கும் கடைக்கும் திரும்ப வேண்டும் என்ற ஏக்கம் எல்லா முகங்களிலும் தெரிந்தது. ஒரு மணி நேரத்தில் இரண்டு கிலோமீட்டர்கூடக் கடந்திருக்க மாட்டோம்.

நான்கு மணி அளவில் தூறல் விழுந்தது. எவரும் ஒதுங்கவில்லை. ஆஜி என் தோளைப் பற்றிக்கொண்டார். பதினேழு நாட்களாகத் துணை வேண்டாம் என்று மறுத்துவந்தவர், சமதரையான அந்தச் சாலையில்தான் முதன்முறையாகத் தம் எடையை என்மேல் சாய்த்தார். அவருடைய கை மிக இலேசாக இருந்தது. சென்ற பொங்கலுக்குப் பேருந்து நிலையத்தில் என் அம்மா என் தோளைப் பற்றி நின்றபோதும் கை இப்படித்தான் இருந்தது. அன்று ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் அதை விலக்கிக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

பொழுது சாயும் வேளையில் ஊர்க்குள் நுழைந்தோம். வீடுகளின் திண்ணைகளிலும் மாடிகளிலும் மக்கள். தண்ணீர்க் குவளைகளும் வெல்லத் துண்டுகளும் எங்கிருந்தோ கைகளுக்கு வந்தன. சந்தின் முடிவில் ஒரு திருப்பத்தில் திடீரென்று ஆரவாரம் எழுந்தது. கூரைகளுக்கு மேலே, மழைமூட்டத்தில், கோயில் சிகரத்தின் கலசம் தெரிந்தது.

ஆஜி என் தோளிலிருந்து கையை எடுத்துக் கூப்பினார். துளசி மாடத்தைக் கீழே இறக்கினார். ஈரத் தரையென்றும் பாராமல் ஒரு கடையின் படியில் அமர்ந்து, “ஆயிற்று” என்றார்.

“தரிசன வரிசைக்குப் போகவேண்டாமா, ஆஜி?”

அவர் சிரித்தார். ஆஷாட ஏகாதசியில் அந்த வரிசை கோபாள்பூர் வரை நீள்வதுண்டு. இறைவன் திருவடியைத் தொடுவதற்கு இருபது மணி நேரத்திற்கு மேல் நிற்க நேரும். ஆகவே வார்கரிகளில் பெரும்பாலோர் கலசத்தைக் கண்டு வணங்கி, சந்திரபாகையில் நீராடித் திரும்பிவிடுகிறார்கள். “இருபத்தாறு வாரியில் நான்கு முறைதான் உள்ளே போயிருக்கிறேன். நாம் வந்தது அவனுக்குத் தெரியாதா?” என்றார் ஆஜி. பின்னர் என் சட்டைப்பையைச் சுட்டிக் காட்டி, “உன் தாயாரிடம் பேசு” என்றார்.

கூட்டத்தின் ஓசையில் ஒரு காதை மூடிக்கொண்டு பேசினேன். பண்டரிபுரம் வந்துவிட்டேன் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “கோபுரம் தெரிஞ்சுதாப்பா?” என்பதுதான்.

“தெரிஞ்சுதும்மா.”

“அது போதும். கோபுர தரிசனம் கோடி புண்ணியம். முண்டியடிச்சுக்கிட்டு உள்ள போகாதே, கால் வலிக்கும்.” சற்றுப் பொறுத்து, “இங்க கோவிந்தபுரத்துலகூட பாண்டுரங்கன் இருக்கான். நம்ம ஊர்லேருந்து பஸ் உண்டு. கூட யாராவது வந்தா போகலாம்னு இருக்கேன்” என்றாள்.

தனக்குத் துணைக்கு ஆள் இல்லை என்று அவள் குறைபட்டுக் கொள்ளவில்லை. ஏதோ நினைவுக்கு வந்ததைச் சொன்னாள். நான் வெகுநேரம் பேசாமல் இருக்கவே, “லைன்ல இருக்கியா?” என்று கேட்டாள்.

ஏகாதசியும் அதன் பின்னும்

மறுநாள் விடியலில் சந்திரபாகையில் நீராடினோம். பீமா நதிதான் இவ்வூரருகே பிறைபோல் வளைந்து ஓடுவதால் அப்பெயர் பெற்றது. ஆற்று மணலில் புண்டலீகனுக்குத் தனிக்கோயில் உண்டு. முதலில் அங்கே வணங்கவேண்டும் என்பது முறை. கோயிலின் கிழக்கு வாயிலில் முதற்படி நாம்தேவரின் படி. அதன்மேல் எவரும் கால் வைப்பதில்லை. அதற்கு எதிரே சோகாமேளரின் சமாதி. தீண்டாமையின் பெயரால் உள்ளே விடப்படாத அந்தப் பக்தர் வெளியிலேயே நின்று பாடியவர். அவருடைய மக்களுக்குக் கதவு திறக்கவேண்டும் என்று சானே குருஜி 1947இல் உண்ணாநோன்பு இருந்த பின்னரே அவ்வாயில் எல்லோருக்கும் திறந்தது. அந்தச் சமாதியில் ஆஜி நெடுநேரம் தலைவைத்திருந்தார். காரணத்தை நான் கேட்கவில்லை.

அவ்வாண்டு ஆவணி பிறந்ததும் ஊருக்குச் சென்றேன். பேருந்து நிறுத்தத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாய்க்கால் கரை வழியாக இரண்டு கிலோமீட்டர். ஆட்டோ வேண்டாமென்று நடந்தே போனேன். அம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு எண்பத்துநான்கு வயது. வழக்கம்போல முதலில், “எப்போ திரும்பணும்?” என்றாள்.

“பதினெட்டு நாள் இருப்பேம்மா.”

அவள் முகம் வெளுத்தது. “பதினெட்டு நாளா! உடம்புக்கு ஏதாவதா? மருமகளோட சண்டையா?” என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்றுமில்லை என்று அவளை நம்பவைக்க இரண்டு நாட்கள் ஆயின. மூன்றாம் நாள் கோவிந்தபுரம் போய் வந்தோம். கோயில் வாயிலிலிருந்து சந்நிதி வரை அவள் என் தோளைப் பற்றி நடந்தாள். பத்து அடிக்கு ஒருமுறை நின்றோம். எனக்கு அந்த நடை பழகியிருந்தது.

விரும்பும் அன்பர்களுக்கு

முழு வாரியும் நடக்க இயலாதவர்கள் வாக்ரியிலிருந்து கடைசி நாள் மட்டும் நடக்கலாம். பலர் அவ்வாறு செய்கிறார்கள். நவமி மாலைக்குள் வாக்ரி சேர்ந்துவிடுவது நலம். தசமியன்று ஊர்திகளுக்கு வழி கிடைப்பது அரிது. தெரிந்த திண்டி ஒன்றோடு முன்னரே பேசிவைத்துக் கொண்டால் உணவுக்கும் உறையுளுக்கும் கவலையில்லை. பழகிய செருப்பையே அணியுங்கள், புதியது வேண்டாம். மழைக்குப் பிளாஸ்டிக் போர்வை, தேங்காயெண்ணெய், ஒரு மாற்றுடை போதும். முதியவர்களை அழைத்துச் செல்பவர்கள் அவர்களுடைய பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய சீட்டை அவர்கள் கழுத்தில் அணிவித்துவிடுங்கள். மராத்தி தெரியாதே என்று தயங்க வேண்டா. மாவுலி என்ற ஒரு சொல் போதும்.

இன்னும் ஒன்று. ஊரில் தாயோ தந்தையோ இருப்பவர்கள் முதலில் அங்கே போய், சில நாட்கள் இருந்துவிட்டுப் பின்னர் பண்டரிக்குப் புறப்படலாம். சற்றுத் தாமதமானால் பாதகமில்லை. காத்து நிற்பது பாண்டுரங்கனுக்குப் பழக்கமானதே.